தாருஸ்ஸலாமில் வாங்கும் மரச்சிற்பமும் இசைக்கருவியும் பத்திரமாக ஊர் வந்து சேர: பட்டுத் தெரிந்துகொண்டவனின் வழிகாட்டி

2019-இல் வேலை நிமித்தமாகத் தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகருக்குப் போய்த் திரும்பியபோது மூன்று பொருள்களை ஆசை ஆசையாக வாங்கி வந்தேன். கறுப்புச் சிலை ஒன்று, மர முக்காலி ஒன்று, குலுக்கினால் மழை பெய்வதுபோல ஒலிக்கும் நாணல் கருவி ஒன்று. நாணல் கருவி விமான நிலையத்தைத் தாண்டவில்லை. சிலையை வீட்டில் ஈரத்துணியால் துடைத்தேன். துணி கறுத்தது, சிலை வெளுத்தது. முக்காலி மட்டும் மூன்று மாதம் நன்றாக இருந்தது. பிறகு அதன் காலடியில் தினமும் ஒரு சிட்டிகை மஞ்சள் மாவு கொட்டத் தொடங்கியது. வண்டு அலமாரிக்கும் பரவிய பிறகுதான் முக்காலியை எரித்தேன்.

2023-இல் மறுபடி போனேன். ஆறு பொருள் வாங்கினேன். ஆறும் வந்து சேர்ந்தன, ஆறும் இன்றுவரை நன்றாக இருக்கின்றன. இரண்டு பயணங்களுக்கும் நடுவே நான் கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பது. சொந்த உபயோகத்துக்கு வாங்கி, விமானத்தில் கூடவே எடுத்துக்கொண்டு இந்தியா திரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். விற்பதற்காகக் கொண்டுவருவதென்றால் அதற்கு உரிமமும் சட்டமும் வேறு. அவர்களுக்கு இந்தக் கட்டுரை போதாது.

1. கடைக்குப் போகும் முன் ஒரு ‘வேண்டாம்’ பட்டியல் போடுங்கள்

எதை வாங்குவது என்பதைவிட எதைத் தொடக்கூடாது என்பது முக்கியம். அழகைப் பார்த்த பிறகு மனம் சட்டத்தைக் கேட்காது.

தந்தம் கூடவே கூடாது. ஆமை ஓடு, பவளம், சிங்கத்தின் பல்லும் நகமும், வரிக்குதிரைத் தோல், பாம்புத் தோல் போர்த்திய மேளம், உடும்புத் தோல் போர்த்திய சிறு பறை ஆகியவையும் அதே வரிசைதான். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் ஒரு பக்கம், நம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மறு பக்கம். பிடிபட்டால் அபராதத்தோடு விடமாட்டார்கள், சிறையும் உண்டு. மாட்டெலும்பில் செய்த வளையல் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் பெட்டியைத் திறக்கும் அதிகாரிக்கு அது எலும்பா தந்தமா என்று பார்த்தவுடன் தெரியாது. தெரிந்துகொள்ளும்வரை உங்கள் விமானம் காத்திருக்காது. அதையும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது பழம்பொருள். “இது நூறு வருஷத்து முகமூடி” என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார் அல்லது உங்களைக் குற்றத்துக்கு அழைக்கிறார். தான்சானியாவின் 1964-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பழம்பொருள்களை அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது. சான்சிபார் பாணியில் செதுக்கிய பழைய கதவுகளும் நிலைகளும் இதில் அடங்கும். பெரும்பாலான ‘நூறு வருஷம்’ போன மாதம் புகையில் காட்டி, சேற்றில் புதைத்து எடுத்தவைதான். ரசீதில் ‘புதிய கைவினைப் பொருள்’ என்று எழுதித் தருவதற்குக் கடைக்காரர் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

மூன்றாவது, விதை. மேலே சொன்ன நாணல் கருவியின் பெயர் கயம்பா. இரண்டு நாணல் தட்டிகளுக்கு நடுவே விதைகளை அடைத்துத் தைத்திருப்பார்கள். விதை என்றால், அது மேளத்துக்குள் இருந்தாலும் மாலையில் கோத்திருந்தாலும், பயிர்த் தனிமைப்படுத்தல் அதிகாரிக்கு அது விதைதான். 2003-ஆம் ஆண்டின் பயிர்த் தனிமைப்படுத்தல் ஆணை அவர் கையில் இருக்கிறது. நான் மூன்று மணி நேரம் வாதாடிப் பார்த்தேன். “உள்ளே என்ன விதை என்று சொல்லுங்கள்” என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் பக்கம்தான் நியாயம்.

2. கிளம்புவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தொடங்குங்கள்

கடைசி நாள் மாலை வாங்கப் போகிறவர்தான் ஏமாறுகிறார். முதல் வாரத்தில் பார்ப்பதும் விலை கேட்பதும் மட்டும். இரண்டாம் வாரத்தின் தொடக்கத்தில் வாங்குவது. பிறகு நான்கைந்து நாள் பொருள் உங்கள் அறையில் இருக்க வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மரச்சிற்பத்துக்கு ம்வெங்கே என்ற இடத்தில் உள்ள சிற்பிகள் சந்தை. ‘வின்யாகோ’ (சிற்பங்கள்) என்று கேட்டால் எந்த மினி பஸ்காரரும் இறக்கிவிடுவார். செதுக்குவதையே பார்க்கலாம் என்பதுதான் அங்கே போவதற்கான காரணம். அதற்குப் போகும் வழியிலேயே கிராம அருங்காட்சியகம் இருக்கிறது. பல இனத்தாரின் வீடுகளை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். எந்தப் பாத்திரம் எதற்கு என்று அங்கே பார்த்துவிட்டுச் சந்தைக்குப் போனால் கண் தெளிந்திருக்கும்.

இசைக்கருவியை நினைவுப்பொருள் கடையில் வாங்காதீர்கள். நகரத்துக்கு வடக்கே பகமோயோ என்ற கடற்கரை ஊரில் கலைக்கல்லூரி இருக்கிறது. பஸ்ஸில் போய்விடலாம். வாசிக்கிறவர்களும் செய்கிறவர்களும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடைப்பார்கள். வீட்டுச் சாமான்களுக்குக் கரியாகூ பகுதி. அங்கே உள்ளூர்க்காரர்கள் தங்கள் சமையலறைக்கு வாங்குவதையே நீங்களும் வாங்கலாம், அதே விலைக்கு.

3. கறுப்பெல்லாம் ம்பிங்கோ இல்லை

மகொண்டே மக்களின் சிற்பங்கள் புகழ்பெற்றவை. ஒரே கட்டையில் ஒருவர் தோளில் ஒருவராகக் குடும்பமே ஏறி நிற்பது ‘உஜமா’. வளைந்து நெளிந்த பேயுருவங்கள் ‘ஷெட்டானி’. இவற்றைச் செதுக்கும் மரத்தின் பெயர் ம்பிங்கோ. கிளாரினெட்டும் ஓபோவும் செய்வதற்கு உலகம் தேடுகிற அதே மரம். நம் ஊரில் சிலர் இதைக் ‘கருங்காலி’ என்று சொல்லி மாலைகூடக் கேட்கிறார்கள். இது கருங்காலி இல்லை. நம் ஈட்டி மரத்தின் உறவு.

மெதுவாக வளர்கிற மரம், விலை அதிகம். அதனால் வெளிர் நிற மரத்தில் செதுக்கி, கறுப்புச் செருப்புப் பாலிஷ் போட்டு விற்பது நடக்கிறது. ஒரு ஹோட்டல் வாசலில் நான் 2019-இல் வாங்கிய சிலை அந்த வகை. இப்போது நான் செய்யும் சோதனைகள் இவை.

முதலில் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே பாலிஷ் போட மறந்திருப்பார்கள். உண்மையான ம்பிங்கோவின் வயிரம், அதாவது நடுமரம், கறுப்பாகவோ கரு ஊதாவாகவோ இருக்கும். அதைச் சுற்றி வெண்ணெய் நிறத்தில் ஒரு பட்டை ஓடும். அது வெளிமரம். பல சிற்பிகள் வேண்டுமென்றே அந்த வெள்ளைப் பட்டையை ஓர் ஓரத்தில் விட்டுவைப்பார்கள்.

பிறகு கைக்குட்டையை நனைத்து, மறைவான இடத்தில் அழுத்தித் தேயுங்கள். கறுப்பு ஒட்டினால் பேச்சே வேண்டாம். எடையும் பாருங்கள். ம்பிங்கோ கையை இழுக்கும்.

எனக்குப் பிடித்த சோதனையை ம்வெங்கேயில் ஒரு முதியவர் சொல்லிக்கொடுத்தார். அவர் தரையில் உட்கார்ந்து, காலிடுக்கில் கட்டையை நிறுத்தி, வாச்சியால் கொத்திக்கொண்டிருந்தார். மேலே நின்று பார்த்தால் அவர் மடியெல்லாம் கறுப்பு மழை. நான் “உண்மையான ம்பிங்கோதானா?” என்று கேட்டதும் அவர் பதில் சொல்லவில்லை. மடியிலிருந்து ஒரு சிராயை எடுத்து, என் தண்ணீர்ப் பாட்டிலைக் கேட்டு வாங்கி உள்ளே போட்டார். கல் போல அடியில் போய் உட்கார்ந்தது. பிறகு பக்கத்தில் கிடந்த வேறொரு மரத்தின் சிராயைப் போட்டார். அது மிதந்தது. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாச்சியை எடுத்துக்கொண்டார். மூழ்குகிற எல்லாமே ம்பிங்கோ என்று சொல்ல முடியாது. மிதந்தால் அது நிச்சயமாக ம்பிங்கோ இல்லை.

இன்னொரு பொறி, பச்சை மரம். காயாத கட்டையில் செதுக்கியதை வாங்கினால் ஊருக்கு வந்து பிளக்கும். ம்பிங்கோ காய்வதற்கு வெகு காலம் எடுக்கும். தொட்டால் மற்றவற்றைவிடச் சில்லென்று இருந்தாலோ, அடியில் மெழுகைக் கனமாக அப்பியிருந்தாலோ சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். விரிசலில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் அந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரியும்.

முகங்களை எண்ணாமல் முதுகைப் பாருங்கள் என்றும் சொல்வேன். அவசர வேலையில் முன்பக்கம் மட்டும்தான் ஒழுங்காக இருக்கும்.

4. இசைக்கருவி: வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் காசை நீட்டாதீர்கள்

சுவரில் மாட்டுவதற்கென்றே செய்த கருவிகள்தான் கடைகளில் நிறைய. வண்ணம் பளபளக்கும், ஒலி இருக்காது.

நான் வாங்கியது இலிம்பா. டொடோமா பகுதியின் கோகோ மக்களுடைய கருவி. மரப்பெட்டியின் மேல் உலோக நாக்குகளை வரிசையாகப் பொருத்தி, இரண்டு கட்டைவிரல்களாலும் தட்டி வாசிப்பது. வாங்கும்போது ஒவ்வொரு நாக்கையும் தட்டிக் கேளுங்கள். சுருதி சேராதது குற்றமில்லை, நாக்கை உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோ சேர்த்துக்கொள்ளலாம். அசையவே அசையாத நாக்குதான் குற்றம். ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

இந்த இடத்தில் நான் கிட்டத்தட்ட ஒரு நல்ல கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடப் பார்த்தேன். தட்டினால் கூடவே ‘ர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல் வந்தது. எங்கோ விரிசல் என்று நினைத்தேன். விற்றவர் சிரித்துவிட்டுப் பெட்டியில் இருந்த சிறு துளையைக் காட்டினார். அதன் மேல் மெல்லிய வெள்ளைச் சவ்வு. சிலந்தியின் முட்டைப் பையை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அது அதிர்வதால் வருவதுதான் அந்த இரைச்சல். அது இல்லாவிட்டால் அந்த ஊரில் யாரும் அதை இலிம்பா என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மேளம் வாங்க நினைக்கிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். மேளத்தின் பொதுப்பெயர் ‘ங்கோமா’. முடி நீக்காத ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் போர்த்தியவை பார்க்க அழகு. அந்த முடியோடு வருவது ஆந்த்ராக்ஸ் கிருமியாகவும் இருக்கலாம், நம் ஊரில் அடைப்பான் என்று சொல்லும் நோய். 2006-இல் நியூயார்க்கிலும் ஸ்காட்லாந்திலும், 2008-இல் லண்டனிலும் மேளத்தோலோடு தொடர்புள்ளவர்களை அது தாக்கியது. ஸ்காட்லாந்திலும் லண்டனிலும் உயிரே போனது. பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. தோலை நனைப்பதும் சுரண்டுவதும்தான் பெரிய ஆபத்து, முடித்த மேளத்தை வாசிப்பதில் ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் முடியுள்ள தோலைப் பார்த்தால் விமான நிலையத்தில் கேள்வி வரும், அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

என் வழி எளிது. தோல் போர்த்தாத வெறும் மேளக்கட்டையை வாங்கினேன். விலையும் பாதி, எடையும் குறைவு, உள்ளே சட்டை துணிமணிகளை அடைத்து எடுத்து வரலாம். ஊரில் தவில் செய்கிறவர் ஒருவர் ஆட்டுத்தோலை ஏற்றிக் கயிற்றால் இழுத்துக் கட்டிக் கொடுத்தார். முளை அடித்துத் தோலைப் பிடிக்கும் ஆப்பிரிக்க முறை இல்லைதான். ஒலி நன்றாக இருக்கிறது.

ஸேஸே என்ற நரம்புக்கருவியும் கிடைக்கும். சுரைக்குடுக்கையில் நீண்ட கழுத்து. கழுத்தைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் பெட்டிக்குள் போகாது. குடுக்கையைக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே பழைய சுரைவிதை கிடந்து ஒலித்தால் தட்டி வெளியே எடுத்துவிட வேண்டும்.

5. வீட்டுச் சாமான்களில்தான் உண்மையான லாபம்

கரியாகூவில் ஒரு கடை முன் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். மடக்கும் சிறு மணை, அதன் நுனியில் பல் வைத்த இரும்புத் தகடு. நம் தேங்காய்த் துருவலகை. அதன் பெயர் ‘ம்புஸி’, அதாவது ஆடு. உட்கார்ந்து துருவுவது ஆட்டின் மேல் ஏறி அமர்ந்ததுபோல இருக்கிறதாம். 15,000 ஷில்லிங். தகட்டைத் தடித்த அட்டையால் மூடிக் கட்டி, சரக்குப் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள்.

‘உங்கோ’ நம் முறம்தான், வட்டமாக இருக்கும். புடைப்பதைப் பார்த்தால் நம் பாட்டிதான் அங்கே இருக்கிறாள் என்று தோன்றும். புதிதாகப் பின்னியதை வாங்குங்கள்.

பாவோ பலகையை விட்டுவிடாதீர்கள். நம் பல்லாங்குழிக்குப் பெரியண்ணன். நமக்கு இரண்டு வரிசை, பதினான்கு குழி. அதற்கு நான்கு வரிசை, வரிசைக்கு எட்டு, ஆக 32 குழி. காய் 64. காய்களை ‘கெட்டே’ என்கிறார்கள். சாம்பல் நிறத்தில் உருண்டையாக, வழவழப்பாக இருந்தன. எங்கோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று கையில் உருட்டிக்கொண்டே இருந்தேன். கழற்சிக்காய்! கயம்பா பட்ட பாடு நினைவில் இருந்ததால் 64-ஐயும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன், அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஊருக்கு வந்ததும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிப் பலகையை நிரப்பினேன்.

6. பேரமும் ரசீதும்

ஒரு ரூபாய்க்கு அப்போது ஏறத்தாழ 29 ஷில்லிங். நான் கொடுத்த விலைகள்: ஒரு முழம்கூட இல்லாத உஜமா சிற்பம் 1,40,000 (கேட்டது 2,50,000). இலிம்பா 90,000. மேளக்கட்டை 60,000. பாவோ 45,000. துருவலகை 15,000. முறம் 5,000. மொத்தம் 3,55,000 ஷில்லிங், நம் பணத்தில் 12,250 ரூபாய்ப் பக்கம்.

காலை முதல் ஆளாகப் போங்கள். அங்கேயும் போணி உண்டு. ‘காலை விலை’ என்றே சொல்வார்கள். கேட்ட விலையில் பாதிக்குச் சற்று மேல் படிந்தால் போதும். கண்ணெதிரே மூன்று நாள் கொத்திய ஒரு வேலைக்குக் கால் விலை கேட்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. “புங்குசா கிடோகோ” என்றால் கொஞ்சம் குறையுங்கள். கைவினைஞரை “ஃபுண்டி” என்று அழைத்தால் முகம் மலரும், அது மரியாதைச் சொல். பணம் ஷில்லிங்கில் வைத்திருங்கள். 2025 முதல் உள்நாட்டு வியாபாரத்தில் டாலர் வாங்கக் கூடாது என்று விதி வந்திருக்கிறது.

ரசீது விஷயத்தில் கெஞ்சாதீர்கள், கேளுங்கள். தான்சானியாவில் வரித்துறையோடு இணைந்த மின்னணு இயந்திரத்தில் ரசீது போட வேண்டும் என்பது சட்டம், ரசீது கேட்டு வாங்குவது வாங்குகிறவரின் கடமையும்கூட. தரையில் உட்கார்ந்து விற்கிறவரிடம் அந்த இயந்திரம் இருக்காது. அப்போது பெயர், தேதி, பொருள், மரம், விலை எழுதிய கைரசீதாவது வாங்குங்கள். ‘சிலை 1’ என்று மட்டும் எழுதிய ரசீதால் பயனில்லை. ‘ம்பிங்கோ மரச்சிற்பம், புதியது, 3 கிலோ’ என்று இருக்க வேண்டும். இயந்திர ரசீதின் தாளில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

7. காகிதங்கள்

ம்பிங்கோ, ஈட்டி உள்ளிட்ட அந்த மர இனம் முழுவதும் 2017 ஜனவரி முதல் சைட்டிஸ் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இதைக் கேள்விப்பட்டு நான் இரண்டு இரவு தூங்கவில்லை. விலக்கு இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. செய்து முடித்த பொருளாக இருந்து, அந்த மரத்தின் எடை 10 கிலோவுக்குள் இருந்தால் சைட்டிஸ் அனுமதி தேவையில்லை. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரிலிருந்து தனி விலக்கு. ஆக, ம்பிங்கோ மொத்தமே 10 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செதுக்காத கட்டையை, ‘ஊரில் கொடுத்துச் செதுக்கிக்கொள்ளலாம்’ என்று ஒரு துண்டுகூட வாங்காதீர்கள். கட்டை செய்து முடித்த பொருள் ஆகாது. விலக்கு போய்விடும், கூடவே தான்சானியா வனத்துறையின் ஏற்றுமதி அனுமதியும் வேண்டியிருக்கும்.

பாலிஷ் போட்ட சிற்பத்துக்கு ரசீது போதுமானதாக இருந்தது. பாலிஷ் இல்லாத மரம், முறம் இவற்றுக்கு அங்குள்ள பயிர் நல ஆணையத்தில் தாவர நலச் சான்றிதழ் வாங்கிக்கொண்டேன். பொருளை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எனக்கு இரண்டு வேலை நாள் ஆனது. இதற்காகத்தான் நான்கைந்து நாள் முன்னதாக வாங்கச் சொன்னேன். சனி, ஞாயிறைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அந்த நாள்களில் இன்னொரு வேலையும் செய்யுங்கள். ஒவ்வொரு மரப்பொருளையும் வெள்ளைத் தாளின் மேல் வைத்து இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளில் மாவு இருந்தால் உள்ளே வண்டு குடியிருக்கிறது. கடைக்கே திருப்பிக் கொடுங்கள். குண்டூசித் தலையளவு துளைகள் வெளிமரத்தில்தான் அதிகம் தெரியும். உண்மையான ம்பிங்கோ என்பதற்குச் சாட்சியான அந்த வெள்ளைப் பட்டைதான் வண்டுக்கும் பிடித்த இடம்.

8. பெட்டி கட்டுவது

வைக்கோல், புல், சருகு வைத்துக் கட்டித் தந்தால் பிரித்து எறிந்துவிட்டுச் செய்தித்தாளால் சுற்றுங்கள். வைக்கோலும் தனிமைப்படுத்தல் விதிக்குள் வரும். மேளத்தின் அடியில், முக்காலிக் காலில் ஒட்டிய மண்ணைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுங்கள். மரப்பெட்டிக்குள் வைத்துத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 56 டிகிரி வெப்பத்தில் முப்பது நிமிடம் சுட்டதற்கான கோதுமைக்கதிர் முத்திரை இல்லாத மரப்பெட்டி இந்தியாவில் சிக்கலாகும். அட்டைப்பெட்டி போதும்.

நான் காங்கா துணிகளில் சுற்றினேன். அங்கே பெண்கள் உடுத்தும் பருத்தித் துணி, இணையாகத்தான் விற்பார்கள், ஓரத்தில் ஒரு பழமொழி அச்சிட்டிருக்கும். சுற்றுத்துணியாகவும் ஆயிற்று, வீட்டில் பெண்களுக்குப் பரிசாகவும் ஆயிற்று. பிளாஸ்டிக் கைப்பை மட்டும் பயன்படுத்தாதீர்கள், 2019 ஜூன் முதல் அங்கே தடை. விமான நிலையத்தில் பெட்டியைச் சுற்றி நெகிழித்தாள் சுருட்டும் வேலையும் வேண்டாம், மரச்சிற்பம் இருந்தால் திறந்து காட்டச் சொல்வார்கள், கொடுத்த காசு வீண்.

விமானத்தில் கூடுதல் பெட்டிக்கு அனுமதி வேண்டுமென்றால் இணையத்தில் முன்பே பணம் கட்டி வாங்குங்கள். கவுன்டரில் கேட்டால் விலை வேறு.

9. இந்தியச் சுங்கம்

நான் வந்தபோது நடைமுறையில் இருந்த 2016-ஆம் ஆண்டுப் பயணப்பெட்டி விதிகளின்படி ஒருவருக்கு 50,000 ரூபாய் வரை வரியில்லை. அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 38.5 சதவீதம். அதாவது 60,000 ரூபாய்ப் பொருள் என்றால் மிகுதியான 10,000-க்கு 3,850. இந்தத் தொகையை அவ்வப்போது மாற்றுவார்கள், கிளம்பும் வாரம் சுங்கத்துறை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி இருவரின் வரம்பையும் கூட்டி ஒரே சிலைக்குக் காட்ட முடியாது.

கூரியரில் அனுப்பிவிட்டால் சுமையில்லை என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். கேட்காததே நல்லது. கூடவே கொண்டுவருவதற்குத்தான் அந்த வரம்பு. 2019 டிசம்பருக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து ‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்புவதற்கும் சலுகை கிடையாது, முழு வரி.

வரம்புக்குள் இருந்தாலும் நான் சிவப்பு வழியில்தான், அதாவது பொருளை அறிவிப்பவர்களுக்கான வழியில்தான் போனேன். செடிகொடிப் பொருள், விலங்குப் பொருள் இருந்தால் சொல்ல வேண்டும் என்று படிவத்திலேயே இருக்கிறது. ரசீதுகள், சான்றிதழ், சைட்டிஸ் விலக்கு விதியின் ஒரு பக்க அச்சு மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து நீட்டினேன். அதிகாரி பாவோ பலகையைக் கையிலெடுத்து, “பல்லாங்குழியா சார்?” என்றார். இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

உடனே கூடத்தில் வைக்காதீர்கள். குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் கொள்ளும் சிறு மரப்பொருள்களைக் காற்றுப்புகாத பையில் போட்டு, இரண்டு வாரம் மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். வண்டும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் அப்படியே விடுங்கள். திறந்தால் மரம் வியர்க்கும். ம்பிங்கோ சிற்பத்துக்கு இந்த உறைய வைக்கும் வேலையை நான் செய்யவில்லை, தாளில் மாவு விழாததால் விட்டுவிட்டேன். அதற்கு எதிரி ஏசி. முதல் மாதம் பருத்தித் துணியில் சுற்றி, ஏசி இல்லாத அறையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டேன்.

தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், சிக்கு வாடை அடிக்கும், தூசி அப்பும். தேன்மெழுகு நல்லது. கிடைக்காவிட்டால், சொல்லச் சிரிப்பாகத்தான் இருக்கிறது, நிறமில்லாத செருப்புப் பாலிஷ்.

இலிம்பாவின் சவ்வு எட்டு மாதத்தில் கிழிந்தது. பெட்டியின் குரல் திடீரென்று மொட்டையானது. பரணைச் சுத்தம் செய்யும்போது சுவரில் வெள்ளை வட்டமாக ஒட்டியிருந்ததைக் கத்தி முனையால் அப்படியே பெயர்த்து, கோந்து தடவித் துளையின் மேல் ஒட்டிக் காயவிட்டேன். மறுநாள் தட்டினால் ‘ர்ர்ர்’ திரும்ப வந்திருந்தது.